உயரம் மாற்றும் பாஸ்கெட்பால் ஸ்டாண்ட்: எல்லாம் சரி, அந்த போர்டு மட்டும்

நீங்கள் வைத்திருக்கும் பாஸ்கெட்பால் ஸ்டாண்ட் விலை இறங்கியிருக்கிறது, பையனுக்கு வாங்கலாமா என்று அலுவலக நண்பர் போனில் கேட்டார். வெல்டிங் பட்டறையிலிருந்து ரிங்கைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். பதில் கொஞ்சம் காரமாகவே போய்விட்டது. இங்கே நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

மகள் பள்ளி மைதானத்தில் 3.05 மீட்டர் ரிங்கைப் பார்த்து எறிந்தே பழகியவள். பந்து இடுப்பிலிருந்து கிளம்பும், இரண்டு கையாலும் தள்ளுவாள், முழங்கை வெளியே விரியும். எட்டாத உயரத்துக்கு எந்தப் பிள்ளையும் அப்படித்தான் எறியும், வாயால் சொல்லித் திருத்த முடியாது. சின்னப் பிள்ளைகள் ஆடும் மினி பாஸ்கெட்பாலில் ரிங் 2.60 மீட்டர்தான். பந்தும் 5-ம் நம்பர், சுமார் அரைக்கிலோ. 7-ம் நம்பர் 600 கிராமை ஒட்டி வரும். ஸ்டாண்டை இறக்கிவிட்டு, பெரிய பந்தைப் பரணில் போட்டதுமே பாதிக் கோளாறு தானாகச் சரியாகிவிட்டது.

மீதிப் பாதிக்கு, ரிங்குக்கு அடியிலேயே நிறுத்தி, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைக்கச் சொல்லி வலது கையால் மட்டும் போட வைத்தேன். அப்புறம்தான் இடது கை சேர்ந்தது. பந்தின் கறுப்புக் கோடுகளைப் பார்த்தால் போதும். அவை நேராகப் பின்பக்கம் சுழன்றால் மணிக்கட்டு ஒழுங்காக வேலை செய்கிறது. கோடு தள்ளாடினால் இடது கட்டைவிரல் திருட்டுத்தனமாகத் தள்ளியிருக்கிறது. இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதற்குள் "கட்டைவிரல்ப்பா" என்று அவளே சொல்லிவிடுகிறாள். கம்பத்தில் ஒவ்வொரு துளையாக ஏற்றுகிறோம். முழங்கை கலைந்தால் மறுபடி ஒரு துளை கீழே. இந்த ஒரு வசதிக்கே கொடுத்த காசு தகும்.

இனி ரிங்குக்குப் பின்னால் இருக்கும் அந்த போர்டு. மெல்லிய பிளாஸ்டிக். பந்து பட்டதும் 'தொப்'பென்று ஒரு சத்தம், அத்தோடு வேகமெல்லாம் செத்து ரிங்குக்குள் விழுகிறது. அதனால் மகள் போர்டில் வரைந்திருக்கும் சதுரத்தில் ஓங்கி அடிக்கப் பழகிவிட்டாள். பள்ளியில் கெட்டியான அக்ரிலிக் போர்டு. அங்கே அதே வேகத்தில் அடித்தால் பந்து ஃப்ரீ த்ரோ கோட்டைத் தாண்டி ஓடுகிறது. பக்கவாட்டில் நின்று போர்டில் பட்டு விழவைப்பதுதான் சின்னப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் கைகூடும் ஷாட். அதையே கெடுத்து வைத்தால் எப்படி? பின்னால் பிளைவுட் கொடுத்து முடுக்கிய பிறகு கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

அடித்தொட்டியில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றினால் ஒழுகும், கொசு வரும், மணல் போடுங்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது இது எம்மாத்திரம்?

ரிங் வெல்டிங் விட்டது தனிக்கதை. பட்டறைக்காரர் தட்டிப் பார்த்து, "இது கம்பி இல்ல சார், தகரம்" என்றார்.

ஆக, நண்பருக்குச் சொன்னது: வாங்காதீங்க. அந்தக் காசுக்கு கெட்டிப் பலகையில் ரிங் அடித்து, ஏற்றி இறக்கும்படி பட்டறையிலேயே ஒன்று செய்துகொள்ளலாம். சரி, அப்போ உங்களுடையதையாவது பாதி விலைக்குத் தருவீர்களா என்றார். 3.05-க்கு இன்னும் இரண்டு துளை பாக்கி இருக்கிறது, அதுவரை தருவதாக இல்லை.