கெய்ரோவிலிருந்து தெற்கே: மிசிசிப்பியா, டென்-டாமா?

அமெரிக்காவில் சொந்தப் படகில் தெற்கே இறங்குகிறவர்களுக்கு, ஒஹாயோ ஆறு மிசிசிப்பியில் கலக்கும் கெய்ரோ என்ற ஊரில் மெக்சிகோ வளைகுடாவுக்கு இரண்டு வழி.

மிசிசிப்பியிலேயே போனால் நியூ ஆர்லியன்ஸ் வரை படகை ஏற்றி இறக்கும் லாக் ஒன்றுகூட இல்லை. ஆறே இழுத்துக்கொண்டு போகும். ஆனால் டீசல் போட இடம் அபூர்வம். முப்பது நாற்பது பார்ஜுகளை (தட்டையான சரக்குப் படகுகளை)க் கோத்துத் தள்ளிவரும் கப்பல்கள் வேறு. இங்கே கூட வர இன்னொரு படகு இல்லாமல் தனியாகப் போவது வீம்பு.

இன்னொரு வழி டென்-டாம்: டென்னசி ஆற்றை டாம்பிக்பி ஆற்றோடு இணைக்கும் கால்வாய். 377 கிலோமீட்டர், 10 லாக். அதற்கு முன்னால் ஒஹாயோவிலும் டென்னசியிலும் நீரோட்டத்தை எதிர்த்து ஏறவேண்டும், எரிச்சல்தான். அப்புறம் பாருங்கள்: லாக்குக்குள் நாலைந்து படகுகள் ஒன்றாக நிற்கும். தண்ணீரோடு கூடவே இறங்கும் மிதவைக் கட்டையில் கயிற்றைச் சுற்றிப் பிடித்தபடி, ராத்திரி எங்கே நங்கூரம் என்று பக்கத்துப் படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். என் ஓட்டு இதற்கே.