மெடிகேப் மாற்றப் போகிறீர்களா? பழைய பாலிசியை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்

டெக்சாஸில் இருக்கும் என் அப்பாவுக்கு நடந்தது இது. அமெரிக்காவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் இருக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து படித்துக் காட்டுங்கள்.

அப்பா 65 வயதிலேயே மெடிகேப் பிளான் எஃப் எடுத்தவர். மெடிகேர் கொடுக்காமல் நம் தலையில் விடும் செலவை ஏற்கும் தனியார் காப்பீடுதான் மெடிகேப்; எஃப், ஜி எல்லாம் அதன் வகைகள். மெடிகேர் ஏற்கும் எந்தச் சிகிச்சைக்கும் கையிலிருந்து ஒரு டாலர் கொடுத்ததில்லை. ஆனால் வருஷா வருஷம் பிரீமியம் ஏறிக்கொண்டே போனது. அந்த நேரம் பார்த்து, அக்டோபரில் ஒரு ஏஜென்ட் போன் செய்தார். தமிழில் பேசியதால் அப்பாவுக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது.

"பிளான் ஜி-யும் இதேதான் அங்கிள், பார்ட் பி டிடக்டிபிள் மட்டும் நீங்க கட்டணும். ஆனா டிசம்பர் 7-க்குள்ள முடிக்கணும், விட்டா அடுத்த வருஷம்தான்" என்றார்.

பார்ட் பி என்பது மெடிகேரில் டாக்டர், வெளிநோயாளி சிகிச்சைக்கான பகுதி; டிடக்டிபிள் என்பது காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் வருஷத்துக்கு நாம் கட்ட வேண்டிய தொகை. டிடக்டிபிள் பற்றி அவர் சொன்னது சரி. 2025-இல் அது 257 டாலராக இருந்தது. தேதி பற்றிச் சொன்னது பச்சைப் பொய். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலான காலம் மெடிகேர் அட்வான்டேஜுக்கும் (தனியார் கம்பெனி வழியாக மெடிகேர் பலன்களைப் பெறும் திட்டம்) பார்ட் டி மருந்துத் திட்டத்துக்கும்தான். மெடிகேப்புக்கு எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் கம்பெனி ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 65 வயதாகி பார்ட் பி தொடங்கியதிலிருந்து ஆறு மாதம்தான் உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. அதன் பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, பெரும்பாலான மாநிலங்களில் மருத்துவக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நியூயார்க், கனெக்டிகட்டில் எப்போதும் மறுக்க முடியாது. கலிஃபோர்னியா, ஓரிகனில் பிறந்தநாளை ஒட்டி மாற்ற வழி உண்டு. அப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை.

விண்ணப்பத்தின் நகலை நான் பிறகுதான் பார்த்தேன். இதய நோய்க்குச் சமீபத்தில் சிகிச்சை பெற்றீர்களா என்ற கேள்விக்கு நேராக "இல்லை" என்று டிக் அடித்திருந்தது. ஸ்டென்ட் வைத்ததை அப்பா போனிலேயே சொல்லியிருக்கிறார். "அதெல்லாம் கணக்குல வராது அங்கிள்" என்று சொல்லிவிட்டு, தானே டிக் அடித்து, மின்கையெழுத்து வாங்கியிருக்கிறார். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். அதோடு விட்டாரா? "ரெண்டு பிரீமியம் எதுக்குக் கட்டணும்?" என்று சொல்லி, பழைய கம்பெனிக்கு ரத்துக் கடிதமும் அன்றே அனுப்ப வைத்துவிட்டார்.

புதிய கம்பெனி மருந்துப் பட்டியலை எடுத்துப் பார்த்தது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் க்ளோபிடோக்ரெல் அதில் இருந்தது. மறுத்துவிட்டார்கள். அதற்குள் பழைய பாலிசி முடிந்துவிட்டது. திரும்பச் சேர வேண்டுமென்றால் அங்கேயும் அதே மருத்துவக் கேள்விகள். ஏஜென்ட் போனை எடுக்கவே இல்லை.

வெறும் மெடிகேரோடு இருந்தால் பார்ட் பி செலவில் 20 சதவீதம் நம் தலையில், அதற்கு உச்சவரம்பே கிடையாது. வேறு வழியில்லாமல் அட்வான்டேஜ் பிளானில் சேர்ந்தோம். அப்பாவை இத்தனை நாள் பார்த்த இதய மருத்துவர் அதன் நெட்வொர்க்கில் இல்லை. ஸ்கேன் எடுக்கவும் முன்அனுமதிக்குக் காத்திருக்கிறோம்.

மாற்றுவதென்றால் முதலில் விண்ணப்பியுங்கள். மருத்துவக் கேள்விகளுக்கு நீங்களே பதில் எழுதுங்கள். பொய்ப் பதிலோடு பாலிசி கிடைத்துவிட்டால் இன்னும் ஆபத்து, பெரிய க்ளெய்ம் வரும்போது பாலிசியையே செல்லாது என்று சொல்லிவிடலாம். ஒப்புதல் வந்து புதிய பாலிசி கைக்கு வரும்வரை பழையதைத் தொடாதீர்கள். வந்த பிறகும் 30 நாள் பார்த்து முடிவெடுக்க அவகாசம் உண்டு. அந்த ஒரு மாதம் இரண்டு பிரீமியமும் கட்டத்தான் வேண்டும், கட்டுங்கள்.

எந்த ஏஜென்ட்டிடமும் பேசுவதற்கு முன் ஷிப் என்ற அரசு ஆலோசனைத் திட்டத்தைக் கேளுங்கள். எல்லா மாநிலத்திலும் உண்டு, இலவசம், அவர்கள் எதையும் விற்பதில்லை. டெக்சாஸில் அதன் பெயர் ஹிகேப். 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ஏஜென்ட்டின் பெயரோடு மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் கொடுங்கள். அப்பா சார்பில் நாங்கள் கொடுத்துவிட்டோம்.