புத்தக அலமாரிக்கு ரப்பர் மரமா, பைனா?

அலமாரி செய்யலாம் என்று இறங்கியபோது கைக்கு எட்டியவை இரண்டே பலகைகள்: ரப்பர் மரம், ரேடியேட்டா பைன். பைனைத்தான் எடுத்தேன். மூன்று வருடமாகியும் மனம் மாறவில்லை.

கடினத்தில் ரப்பர் மரம்தான் மேல். மரத்தில் எஃகுக் குண்டை அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்கும் ஜங்கா அளவில் அது 960 பவுண்டு வாக்கில், பைன் 710 வாக்கில். ஆனால் புத்தகக் கனத்தில் தட்டு தொய்வதற்கும் கடினத்துக்கும் சம்பந்தமில்லை. அதற்கு வேண்டியது விறைப்பு. அதில் பைன் சற்றும் சளைத்ததல்ல. போதாவிட்டால் பலகையின் தடிமனைக் கூட்டிக்கொள்ளலாம்: தடிமன் இரட்டித்தால் விறைப்பு 8 மடங்கு.

என்னைப் பைன் பக்கம் இழுத்தது பராமரிப்பு. நகம் அழுந்தினாலே தடம் விழும் மரம் என்பது உண்மைதான். ஆனால் இழை அறுபடாமல் வெறுமனே நசுங்கியிருந்தால், ஈரத்துணியைப் போட்டு அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியைச் சில நொடி வையுங்கள். ஆவி இறங்கி, நசுங்கிய இழை உப்பி எழும். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எண்ணெய் தடவினால் பள்ளம் இருந்த இடத்தைத் தேட வேண்டும். வார்னிஷ் ஏடு ஆவியைத் தடுக்கும் என்பதால்தான் நான் ஆளிவிதை எண்ணெயோடு நிறுத்திக்கொண்டேன். (எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.) ரப்பர் மரத்தில் இந்த வைத்தியத்தை நான் செய்து பார்த்ததில்லை.

சரி, பைனின் வம்பு என்ன? கணுதான். கணுவிலுள்ள பிசின் பெயின்டைத் தாண்டி மஞ்சளாகக் கசியும். முதலில் அந்த இடத்தில் ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) அடித்துவிட வேண்டும். அடர்நிற ஸ்டெயினும் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். கருந்தேக்கு நிறம்தான் வேண்டுமென்றால் ரப்பர் மரத்துக்கே போங்கள், அது சீராக உறிஞ்சும். தினமும் தட்டும் கரண்டியும் இடிபடும் சாப்பாட்டு மேசைக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

மழையில் நிற்கும் சாமானுக்கு ரப்பர் மரம் ஆகாது; பூஞ்சையும் பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும். பைனும் அப்படியே வைத்தால் உளுத்துப்போகும், ஆனால் அதன் வெளிமரம் (பட்டைக்கு உள்ளே இருக்கும் வெளி அடுக்கு) பாதுகாப்பு மருந்தை நன்றாகக் குடிக்கும். வேலிக் கம்பத்துக்கு மருந்தேற்றிய பைனைப் பயன்படுத்துவது அதனால்தான்.

அப்புறம் நிறம். வெளிச்சம் பட்டுப் பட்டு என் அலமாரி தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. நகர்த்தாமலே கிடந்த ஒரு அகராதியைப் போன வாரம் எடுத்தேன்; அடியில் அதே அளவுக்கு ஒரு வெளிர் சதுரம்.