வீட்டுத் தனிமை பேக்கேஜ்: பணம் கட்டுமுன் கவனிக்க வேண்டியவை

2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் '14 நாள் வீட்டுச் சிகிச்சை' என்று சில ஆயிரங்களைக் கறந்த பேக்கேஜ்கள் பலவற்றில் கிடைத்தது விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஒரு ஆக்சிமீட்டர், ஒரு மாத்திரைப் பை, தினம் ஒரு போன். இன்னொரு தொற்று பரவினால் அதே கடை மறுபடி திறக்கும்.

முதல் ஏமாற்று நாள் கணக்கில். கொரோனாவில் மூச்சுத்திணறல் பெரும்பாலும் அறிகுறி தொடங்கிய 5 முதல் 10 நாளுக்குள் வரும். பேக்கேஜ் விற்பவர்களோ பணம் கட்டிய நாளை முதல் நாள் என்பார்கள். ரிசல்ட் வரக் காத்திருந்து சேர்ந்தவருக்கு அவர்களின் 2-ஆம் நாள், நோயின் 6-ஆம் நாளாக இருக்கும்.

"காய்ச்சல் இருக்கா? சாப்பிட்டீங்களா?" என்பதோடு போன் முடிந்தால் அது விசாரிப்பு, கண்காணிப்பு இல்லை. வீட்டில் ஒருவர் நோயாளிக்குத் தெரியாமல் அவர் மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 24 தொட்டால் மருத்துவமனை. உட்கார்ந்த நிலையில் ஆக்சிஜன் 94-க்குக் கீழ் என்றாலும் அப்படியே. 94-க்குக் குறையாமல் இருந்து திணறலும் இல்லாதவரை, துணைக்கு ஆளை வைத்து 6 நிமிடம் அறைக்குள் நடக்கவிட்டுப் பாருங்கள்; 94-க்குக் கீழே போனாலோ 4 புள்ளி குறைந்தாலோ காத்திருக்காதீர்கள். நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் அளவைக் கெடுக்கும். கருத்த தோலில் கருவி கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும், ஆகவே 94, 95-ஐப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

பையில் டெக்சாமெத்தசோன், மெத்தில்பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் இருக்கிறதா பாருங்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு டெக்சாமெத்தசோனால் பலன் இல்லை என்று பிரிட்டனின் 'ரெக்கவரி' என்ற மருந்து ஆய்வு 2020-லேயே காட்டிவிட்டது. சர்க்கரை எகிறும், கருப்புப் பூஞ்சைக்கு வழி திறந்ததில் இதற்கும் பங்குண்டு. இன்னொரு வம்பு: ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கும், போனில் கேட்பவர் 'நலம்' என்று எழுதிக்கொள்வார். ஏற்கெனவே சில நாள் சாப்பிட்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் நேரில் டாக்டரைப் பாருங்கள்.

2020 மார்ச் 25-இல் வந்த மத்திய அரசின் தொலைமருத்துவ விதிப்படி மருந்துச் சீட்டில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் மாத்திரைப் பெயர் மட்டும் வந்தால் அது சீட்டே அல்ல.

'அவசர உதவி' என்று அவர்கள் போட்டிருப்பது பல நேரம் 108-ஐக் கூப்பிடச் சொல்வதுதான். அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம், தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண் இருக்கிறது. அப்படியும் பேக்கேஜ்தான் வேண்டும் என்றால், பணம் கட்டுமுன் ஒரு நாள் இரவு 2 மணிக்கு அவர்களின் எண்ணை அழைத்து, எடுப்பவரிடம் பணியில் இருக்கும் டாக்டரின் பதிவு எண்ணைக் கேளுங்கள்.