அம்பாசடரின் டிஸ்ட்ரிபியூட்டரை நானே மாட்டி ஆறு ஆண்டுகள்

என்னிடம் இருப்பது 1984ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 4. பெட்ரோல் வண்டி, 1489 சிசி பி.எம்.சி. எஞ்சின். அப்பா ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனம் வரவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் அதன் டிஸ்ட்ரிபியூட்டரை நானே கழற்றி, சரிசெய்து, திரும்ப மாட்டி டைமிங் வைத்தேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி மின்பொறியை அனுப்பும் பாகம் அது; பொறி விழும் நேரம்தான் டைமிங். அதற்குப் பிறகு வண்டி 22,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இனி அந்த வேலையைப் பற்றி நம்பிக்கையோடு எழுதலாம் என்று தோன்றுகிறது.

எஞ்சின் வேலைக்காக ஒரு பட்டறையில் விட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. திரும்பி வந்த வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது, ஐட்லிங்கும் அமைதியாக இருந்தது. ஆனால் இழுவை இல்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகள் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்தது. ரேடியேட்டரைக் கழுவினார்கள், தெர்மோஸ்டாட்டை எடுத்துப் பார்த்தார்கள், கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டார்கள். டைமிங்கை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பொறி தாமதமாக விழுந்தால் பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகும் எரிதல் தொடரும். தள்ளுவதற்குப் பயன்பட வேண்டிய வெப்பம் தண்ணீருக்கும் புகைக்குழாய்க்கும் போய்விடும். என் வண்டியில் நடந்தது அதுதான்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பைத் திறந்து, உள்ளே சுழன்று பொறியைப் பங்கிடும் ரோட்டாரை எடுத்துவிட்டு, ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார். விரலில் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தது. உள்ளே ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தது. அப்படியானால் பாயின்ட், அதாவது திறக்கும்போது பொறியை உண்டாக்கும் சிறு மின்தொடர்பு, நான்கு சிலிண்டருக்கும் நான்கு விதமாகத் திறக்கும். எந்த டைமிங் வைத்தாலும் நிற்காது. "தம்பி, முதலில் ஆட்டம், அடுத்தது இடைவெளி, கடைசியில்தான் டைமிங்" என்றார். இந்த வரிசையை மாற்றியவர்கள் ஒரே வேலையை மூன்று முறை செய்வதை நான் பிறகு பல வண்டிகளில் பார்த்துவிட்டேன்.

இதைச் சரிசெய்ய டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன் நம்பர் 1 சிலிண்டரை, அதாவது ரேடியேட்டர் பக்கம் உள்ளதை, கம்ப்ரஷனின் உச்சத்துக்குக் கொண்டுவந்தேன். பிளக்குகளைக் கழற்றிவிட்டு முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் எஞ்சின் இலேசாகச் சுற்றும். நம்பர் 1 பிளக் துளையை விரலால் அடைத்துக்கொண்டால் காற்று விரலைத் தள்ளும். வால்வ் கவரைத் திறந்தவர்களுக்கு இன்னும் உறுதியான அடையாளம் ஒன்று உண்டு: அந்த நேரத்தில் நம்பர் 4 சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒன்று மூடி மற்றது திறக்கும் தறுவாயில் இருக்கும். இதைப் பார்க்காமல், எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கின் முனையில் உள்ள புல்லியின் குறியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கிராங்க் இரண்டு முறை சுற்றிவிடுகிறது. ஆகவே அதே குறி எக்ஸாஸ்ட் முடிவிலும் வந்து நிற்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தகட்டில் இரண்டு விதமான போல்ட்டுகள் உண்டு. தகட்டை எஞ்சினோடு பிணைக்கும் இரண்டை மட்டும் கழற்றி, உடலை இறுக்கும் போல்ட்டைத் தொடாமல் விட்டால், திரும்ப மாட்டும்போது பழைய டைமிங் அப்படியே இருக்கும். சுத்தம் செய்யவோ வேறு வேலைக்காகவோ எடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. எனக்குப் பழைய டைமிங்கே தவறு என்பதால் இரண்டு வகைப் போல்ட்டுகளையும் தளர்த்தினேன்.

மாட்டுவது, பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. பல கார்களில் பற்சக்கரம் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்டிலேயே இருக்கும். உள்ளே இறக்கும்போது ரோட்டார் திரும்பிக்கொள்ளும், அதைக் கணக்கிட்டு முன்கூட்டியே திருப்பி வைக்க வேண்டும். அம்பாசடரில் பற்சக்கரத் தண்டு எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் உள்ள நாக்கு அந்தத் தண்டின் காடியில் போய் உட்காரும். காடி நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கியிருப்பதால் தலைகீழாக உட்காராது. ரோட்டாரை மெல்லத் திருப்பியபடி அழுத்தினால் "டக்" என்று இறங்கும்.

ஆனால் பட்டறையில் அந்தத் தண்டையே உருவி வேறு பல்லில் மாட்டியிருந்தார்கள். அதனால் கையேட்டுப் படத்தில் ரோட்டார் காட்டும் திசையும் என் வண்டியில் காட்டிய திசையும் ஒன்றாக இல்லை. ஒரு மாலை முழுவதும் இதில் தடுமாறினேன். பெரியவர்தான் தெளிவாக்கினார்: படத்தைப் பார்க்காதே, ரோட்டாரைப் பார். நம்பர் 1 கம்ப்ரஷன் உச்சத்தில் ரோட்டார் கேப்பின் எந்த முனையை நோக்குகிறதோ அங்கே நம்பர் 1 ஒயர். அங்கிருந்து ரோட்டார் சுற்றும் திசையில், இந்த எஞ்சினில் இடஞ்சுழியாக, 1-3-4-2 என்ற வரிசையில் மற்ற ஒயர்கள்.

பாயின்ட் இடைவெளியை 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர், வைத்தேன். இடைவெளி கூடினால் பாயின்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னே போகும். குறைந்தால் பின்னே போகும். டைமிங் வைத்த பிறகு பாயின்ட்டைத் தொட்டால் வைத்த டைமிங் போய்விடும்.

அதற்குப் பிறகு 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். பல்பின் ஒரு ஒயர் டிஸ்ட்ரிபியூட்டரின் சிறிய டெர்மினலில், மற்றது எஞ்சின் உடலில். புல்லியின் வெட்டை டைமிங் கவரில் உள்ள, உச்சத்துக்கு 5 டிகிரி முன்னதைக் காட்டும் முள்ளுக்கு நேரே கொண்டுவந்தேன். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குப் போய், மீண்டும் முன்னோக்கியே வர வேண்டும். இல்லையென்றால் செயினின் தளர்ச்சி கணக்கைக் கெடுக்கும். சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை மெல்லத் திருப்ப, பல்பு எரியும் நொடிதான் பாயின்ட் திறக்கும் நொடி. அங்கே இறுக்கினேன். இந்த முட்கள் கீழே இருப்பதால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். வெட்டில் வெள்ளைப் பெயின்ட் தடவி வைத்தது இன்றுவரை உதவுகிறது.

பல்பு காட்டும் இடம் தொடக்கம்தான். அந்தக் காலப் பெட்ரோலைவிட இன்றைய பெட்ரோலின் ஆக்டேன் அதிகம். தேய்மானமும் வண்டிக்கு வண்டி வேறு. இறுதித் தீர்ப்பை ஏற்காட்டு மலையிடம்தான் கேட்கிறேன். மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது கணகணவென்று நாக்கிங் கேட்டால் பின்னுக்கு, இழுவை மந்தமாக இருந்தால் முன்னுக்கு. என் டிஸ்ட்ரிபியூட்டரில் இதற்கென நுண்ணிய திருகு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 11 கிளிக்குக்கு ஒரு டிகிரி. மூன்று பயணங்களில் என் வண்டிக்குரிய இடத்தைக் கண்டுபிடித்தேன். அன்று 20 வளைவுகளும் ஏறி முடித்து வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இந்த ஆறு ஆண்டுகளில் மைலேஜ் லிட்டருக்கு 8இலிருந்து 10 கிலோமீட்டரை ஒட்டி வந்திருக்கிறது. காலையில் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆகிறது. புதுப் பாயின்ட் போட்டால் முதல் 500 கிலோமீட்டரில், கேம் (பாயின்ட்டைத் திறக்கும் சுழல் மேடு) மீது உரசும் அதன் குதிகால் தேய்ந்து இடைவெளி சுருங்குகிறது. உடனே பார்த்துவிட வேண்டும். அதன்பின் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. கேமில் துளி கிரீஸ், ரோட்டாருக்கு அடியில் இரண்டு சொட்டு எண்ணெய். நான்காம் ஆண்டில் வேகத்தில் மட்டும் மந்தம் தெரிந்தது. பொறி விழும் நொடியில் மின்னும் டைமிங் லைட் போட்டுப் பார்த்தபோது, எஞ்சின் வேகத்தைக் கூட்டியும் குறி நகரவில்லை. வேகம் கூடும்போது டைமிங்கை முன்னே தள்ள, பாயின்ட் தட்டுக்குக் கீழே உள்ள எடைகள் துருவில் ஒட்டியிருந்தன. சுத்தம் செய்ததும் சரியானது.

எனக்குத் தீராத மனக்குறை, பாயின்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர்தான். புதிதாக வாங்கிய மூன்றில் இரண்டு ஓராண்டு கூடத் தாங்கவில்லை. வண்டியோடு வந்த பழையதைத்தான் உபரியாக வைத்திருக்கிறேன். எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறிவிடச் சொல்கிறார்கள். இடைவெளி பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு அது நல்லதுதான். நான் மாறவில்லை; பாயின்ட் பழுதானால் சாலையோரத்தில் ஓர் அரத்தை வைத்தே வீடு வந்து சேர முடியும்.

சென்ற வாரம் வேக்கும் குழாயை, அதாவது எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை நகர்த்தும் குழாயை, வாயில் வைத்து இழுத்துப் பார்த்தேன். பாயின்ட் தட்டு நகர்ந்தது, ஆனால் பிடித்து நிற்கவில்லை, டயாஃப்ரம் கசிகிறது. அடுத்த ஞாயிறு மீண்டும் கழற்ற வேண்டும். இந்த முறை உடலை இறுக்கும் போல்ட்டைத் தொடப்போவதில்லை.