மேல் பவளமா, ஆழ்ப் பவளமா: எதைக் காப்பது?

பவளத் திட்டுகளின் பாதுகாப்புக்கு இருக்கிற கொஞ்சப் பணத்தை, கடலின் மேல்மட்டப் பவளத்திலா, ஒளி மங்கும் ஆழத்துப் பவளத்திலா, எங்கே போடுவது என்று குழம்புகிறவர்களுக்காக இது.

வளர்ச்சி: மேல்திட்டில் கிளைவிடும் அக்ரோபோரா என்ற பவள வகை ஆண்டுக்கு 10 செ.மீ. கூட வளரும். ஹவாயில், மாவி தீவுக்கு அருகே 70 மீட்டருக்குக் கீழே வாழும் லெப்டோசெரிஸ் என்ற பவளம் 1 செ.மீ. கூட எட்டாது. ஆனால் அது தட்டுபோல விரிந்து, கிடைக்கிற மங்கல் நீல ஒளியை வீணாக்காமல் பிடித்து, உள்ளே வாழும் பாசிக்குக் கொடுக்கிறது. எனக்கு இது பெரிய அதிசயம்.

வெப்பம்: 2016 வெளுப்பில் (வெப்பத்தால் பவளம் தன் பாசியை இழந்து வெளிறுவது) ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத் திட்டின் ஆழமற்ற பகுதி கடுமையாக அடிவாங்கியது. 40 மீட்டரிலும் வெளுப்பு இருந்தது, ஆனால் குறைவு. ஆகவே ஆழம் முழுப் புகலிடம் இல்லை.

மீட்சி: மேலே வேகம். ஆழத்தில் ஒரு நங்கூரம் உடைத்ததை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

வேலை: மேலே சாதாரண முக்குளிப்பு போதும். கீழே ரீபிரீதர் (விடும் மூச்சைச் சுத்தப்படுத்தி மறுபடி தரும் முக்குளிப்புக் கருவி) அல்லது ரோபோ வேண்டும், செலவு அதிகம்.

சரி, பவள நாற்று நட்டு மீட்க வேண்டுமென்றால் மேல்திட்டைத் தேர்ந்தெடுங்கள். ஆழத்துக்கு நடவு வேண்டாம், நங்கூரமும் இழுவலையும் வராமல் தடுங்கள்.