காப்பர் பெப்டைட் ஊசி: பணம் கட்டும் முன் குப்பியைக் கேளுங்கள்

பருத் தழும்புக்கு "காப்பர் பெப்டைட் வச்சு மைக்ரோநீட்லிங்" என்று, அதாவது நுண்ணூசிகளால் தோலில் துளை போட்டு செம்பு சேர்ந்த புரதத் துணுக்கை உள்ளே இறக்குவதாக, எந்த கிளினிக் பேக்கேஜ் சொன்னாலும், முதலில் அந்த மருந்துக் குப்பியைக் கையில் வாங்கி லேபிளைப் படியுங்கள். கோவையில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் நான் 18,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். முதல் சிட்டிங்கில் முகத்தில் மரப்பு கிரீம் தடவிப் படுக்க வைத்த பிறகுதான் குப்பி வெளியே வந்தது.

ரப்பர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி, அடியில் நீலப் பொடி. லேபிளில் ஆங்கிலத்தில் பொடி எழுத்து: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல. தயாரித்தவர் முகவரி, லைசென்ஸ் எண், காலாவதித் தேதி எதுவுமே இல்லை. கேட்டேன். "இம்போர்ட்டட் மேடம், அப்படித்தான் வரும். கலரைப் பாருங்க, ஒரிஜினல் காப்பர்" என்றார் டெக்னீஷியன். நீலமாக இருந்தால் ஒரிஜினலா? மயில்துத்தமும்தான் நீலம்! போனில் படம் எடுத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

பேக்கேஜ் விற்ற பெண் சொன்னது முழுப் பொய் இல்லை என்பதுதான் இதில் சிக்கல். "இருபது வயசுல ரத்தத்துல இந்த பெப்டைட் 200 நானோகிராம் இருக்கும் மேடம், அறுபதுல 80 ஆயிடும், நாங்க அதை ஏத்திவிடுறோம்" என்றார். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் ஒரு மில்லிக்கு அந்த அளவு என்று ஆய்வுக் கட்டுரைகளிலும் வருகிறது. கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த இந்தத் துணுக்கை லோரன் பிக்கார்ட் 1973-ல் மனித ரத்தத்திலிருந்து பிரித்தார். அது செம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் தோல் செல்களைக் கொலாஜன் செய்யத் தூண்டியது, விலங்குகளின் காயங்களை ஆற்ற உதவியது. அதற்கும் என் கன்னத்துக் குழி நிரம்புவதற்கும் நடுவில் நிறைய தூரம். 1990-களில் அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு இதை ஜெல்லாகச் சோதித்தார்கள். மருந்தாக ஒப்புதல் கிடைக்கவில்லை. ஊசி வடிவத்தை 2023-ல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, பாதுகாப்பு ஐயம் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. இதையெல்லாம் யார் சொல்லி விற்பார்கள்?

பிறகு பார்த்த தோல் மருத்துவர் சொன்னது: க்ரீமாக மேலே பூசுவது வேறு, ஊசித் துளை வழியே உள்ளே இறக்குவது வேறு. பூசும்போது தோலின் மேலடுக்கு பெரும்பாலானதைத் தடுத்துவிடும். துளை போட்டுவிட்டால் அந்தத் தடுப்பு கிடையாது. குப்பியில் கிருமியோ கலப்படமோ இருந்தால் நேராக உள்ளே போகும், கட்டி கட்டியாக வீங்கவும் வாய்ப்புண்டு.

வீட்டுக்கென்று 2,400 ரூபாய்க்கு ஒரு காப்பர் பெப்டைட் சீரமும் தலையில் கட்டியிருந்தார்கள். காலையில் வைட்டமின் சி சீரம், உடனே மேலே இது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். செம்பு வைட்டமின் சி-யைச் சீக்கிரம் கெடுத்துவிடும். விற்கிற பொருளைப் பற்றி இவ்வளவுதான் தெரியும் போல. முறையான சீரம் என்றால் பாட்டிலில் காப்பர் ட்ரைபெப்டைட்-1 என்று இருக்கும், கூடவே முழு உட்பொருள் பட்டியல், பேட்ச் எண், தயாரிப்பாளர் முகவரி. இதில் கிளினிக் ஸ்டிக்கர் மட்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "பேக்கேஜ் நான்-ரீஃபண்டபிள்" என்றார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதன் பிறகு பாதிப் பணம் ஜிபேயில் வந்தது. பில் கேட்டால் "ஸ்கின் சர்வீஸ்" என்று ஒரு துண்டுச் சீட்டு, மருந்தின் பெயரே இல்லை. குப்பிப் படத்தையும் அந்தச் சீட்டையும் சேர்த்து மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அதே கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், சீட்டைத் தூக்கிப் போடாமல் நீங்களும் ஒரு மனு கொடுங்கள்.